பருவத்துக்கு முன் ஆடும் பல்

பாற்பற்கள் ஆறு வயதையொட்டி ஆடி விழுதல் இயற்கை. இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு, அடி ஏதும் படாத நிலையில், கடைவாய்ப் பற்கள் ஆடத் தொடங்கினால் அஃது இயற்கையன்று. ஈறு வீங்கும், புண் ஆறாது. வீட்டில் மிட்டாயின்மீது பழி விழும். சீழ்க்கட்டியென்று கருதி மருந்து கொடுப்பதும், பல்லைப் பிடுங்கிவிடுவதும் உண்டு. பிடுங்கிய குழியோ மூடாமலே கிடக்கும்.

இத்தகைய குறிகளுக்குப் பின்னால் மிக அரிதாக மறைந்திருக்கும் நோய் ஒன்று உண்டு. லாங்கர்ஹான்ஸ் உயிரணுப் பெருக்கம் என்பது அதன் பெயர். 10 இலட்சம் சிறாருள் ஆண்டுக்கு நால்வர் அல்லது ஐவருக்கே இது வருகிறது.

பெயரின் வரலாறு சுவையானது. 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராயிருந்த பால் லாங்கர்ஹான்ஸ், தோலுக்குப் பொன் உப்பால் நிறமேற்றி, கிளைகள் விரித்த சில உயிரணுக்களைக் கண்டார். அவற்றை நரம்பணுக்கள் என்று எண்ணினார். உண்மையில் அவை காவலர்கள். உடலுக்குள் புகும் அயற்பொருளைப் பற்றி, எதிர்ப்பாற்றலுக்குக் காட்டிக்கொடுப்பவை. அவற்றை ஒத்த உயிரணுக்கள் நெறிதவறிப் பெருகி எலும்பை அரிப்பதே இந்நோய். 1953இல் லிச்டென்ஸ்டைன், அதுவரை வெவ்வேறாகக் கருதப்பட்ட மூன்று நோய்களை ஒன்றாக்கி, 'ஹிஸ்டியோசைட்டோசிஸ் எக்ஸ்' என்றழைத்தார். காரணம் அறியப்படாமையின் எக்ஸ்! அறியாததை அறியாததென்றே பெயரில் எழுதிவைத்த அந்நேர்மை பாராட்டத்தக்கது. 1987இல்தான் இன்றைய பெயர் நிலைபெற்றது.

இனி, இதனைக் கண்டறியும் முறை. எக்ஸ்ரேயில், வேரைச் சுற்றிய எலும்பு கரைந்து, பற்கள் வெறுவெளியில் மிதப்பன போலத் தோன்றும். எனினும் படம் மட்டும் போதாது. எலும்புமச்சை அழற்சியும், சிலவகைப் புற்றுநோய்களும் இதே தோற்றம் காட்டும். ஆகவே சிறிது சதையெடுத்து ஆராய்தல் இன்றியமையாதது. நுண்ணோக்கியில் உயிரணுவின் கரு, காப்பிக்கொட்டை போல நடுவே பள்ளம் விழுந்து காணப்படும். சிடி1ஏ, லாங்கரின் என்னும் புரதங்கள் சாயமேற்றிக் காட்டப்பட்டால் ஐயம் நீங்கும். நோயுற்றோருள் பாதிப்பேருக்கு மேல் 'பிராஃப்' மரபணுவில் மாற்றம் உண்டென்பது 2010இல் தெரியவந்தது.

கத்தி பட்டால் நோய் பரவும் என்று அஞ்சி, சதைச் சோதனைக்கு மறுக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். இந்நோயில் அவ்வச்சத்துக்கு இடமேயில்லை. ஓர் எலும்பில் மட்டும் தோன்றிய புண், சோதனைக்காகச் சிறிது சுரண்டிய பின் தானே ஆறத்தொடங்குவதும் உண்டு. காலந்தாழ்த்தினாலோ தாடை மேலும் அரிக்கப்படும். நிலைப்பற்களின் முளைகளும் கெடும். காட்டுப்பாக்கத்தார் இதற்காக நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை. போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையும், வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரியும் அருகிலேயே உள்ளன. எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

நோய் உறுதியானதும் உடல் முழுவதையும் ஆராய்வர். உச்சந்தலையில் பொருக்கு, காதில் ஓயாத சீழ், கல்லீரல் வீக்கம் ஆகியவை நோய் பரவியதன் அடையாளங்களாகலாம். தாடையோடு நின்றிருப்பின் சுரண்டியெடுத்தலே பெரும்பாலும் போதும். பல இடங்களில் இருப்பின் பிரெட்னிசொலோனுடன் வின்பிளாஸ்டின் மருந்து ஊசிவழி தரப்படும். இது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்பட்டது. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் அதே செடிதான்!

நோய் அடங்கிய பின்னும் சில ஆண்டுகள் கண்காணிப்புத் தேவை. மூளையடிச் சுரப்பி பாதிக்கப்பட்டால் தாகமும் சிறுநீரும் அளவின்றிப் பெருகும். குழந்தை இரவில் எழுந்தெழுந்து தண்ணீர் கேட்குமாயின், தாய் அதை அடுத்த சோதனை நாள்வரை வைத்திராமல் உடனே மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.