வல்லூறுகளை இனங்காணுதல்

வல்லூறு என்பது பால்கோ பேரினத்தைச் சேர்ந்த, பகலில் வேட்டையாடும் கொன்றுண்ணிப் பறவைகளைக் குறிக்கும். தமிழில் வல்லூறு, இராஜாளி, வைரி, பருந்து ஆகிய பெயர்கள் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கப்படுகின்றன. கோழிக்குஞ்சைத் தூக்கும் எந்தப் பறவையையும் ஊர்ப்புறத்தில் பருந்து என்றோ வல்லூறு என்றோ சொல்லிவிடுவார்கள். நிறமும் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப மாறும். எனவே உடல் வடிவத்தையும் பறக்கும் விதத்தையும் முதலில் கவனிக்க வேண்டும்.

பொது அடையாளங்கள்

வல்லூறின் இறக்கைகள் நீண்டு, நுனி கூராக இருக்கும். கழுகு வட்டமிடும்போது அதன் இறக்கை நுனி விரல்களைப் போல் விரிந்திருக்கும்; வல்லூறுக்கு அவ்வாறு விரிவதில்லை. கண்கள் கரும்பழுப்பு நிறமுடையவை. வைரியின் கண்களோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். அதன் இறக்கைகளும் குட்டையானவை, நுனி வட்டமானவை. பல வல்லூறுகளுக்குக் கண்ணுக்குக் கீழே மீசை போன்ற கருங்கோடு உண்டு. மேல் அலகின் ஓரத்தில் பல் போன்ற ஒரு முனை இருக்கும். இரையைக் காலால் பிடித்தபின் இந்த முனையால் கழுத்தைக் கடித்துக் கொல்லும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது.

தமிழ்நாட்டில் காணப்படுபவை

சிவப்பு வல்லூறு வயல்வெளிகளிலும் புல்வெளிகளிலும் தென்படும். காற்றை எதிர்கொண்டு, வாலை விசிறிபோல் விரித்து, ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்றபடி கீழே எலி, ஓணான், வெட்டுக்கிளி ஆகியவற்றைத் தேடும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கருந்தோள் பருந்தும் இதேபோல் அந்தரத்தில் நிற்கும். ஆனால் அது வெண்மையும் சாம்பலும் கலந்தது, தோளில் கரும்பட்டை உடையது, கண் சிவப்பு. சிவப்பு வல்லூறின் முதுகு செங்கல் நிறம். அதில் கரும்புள்ளிகள் இருக்கும். ஆணுக்குத் தலையும் வாலும் சாம்பல் நிறம். பெரும்பாலானவை குளிர்காலத்தில் வலசை வருபவை. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் ஆண்டு முழுவதும் தங்கும் உள்ளினமும் உண்டு.

பொரி வல்லூறு காக்கை அளவினது. உயரத்திலிருந்து இறக்கைகளை ஒடுக்கி, மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து, பறக்கும் புறாவை அடிக்கும். இதன் இரு உள்ளினங்களை இங்கே காணலாம். பாறை முகடுகளில் நிலையாக வாழும் சாஹின் மேலே கருமையும் அடியில் செம்மையும் கொண்டது. வட துருவத்தை ஒட்டிய பகுதிகளிலிருந்து குளிர்காலத்தில் வருவது அடிப்புறம் வெளிறியது. கடற்கரைகளிலும் உயரமான கட்டடங்களிலும் அமர்ந்திருக்கும். இளம்பறவைகளின் மார்பில் நீளவாக்கிலும், முதிர்ந்தவற்றின் அடிப்புறத்தில் குறுக்குவாக்கிலும் கோடுகள் இருக்கும்.

செந்தலை வல்லூறு பெரும்பாலும் இணையாகவே வேட்டையாடும். ஒன்று விரட்ட, மற்றொன்று மடக்கிப் பிடிக்கும்.

கூடும் ஆபத்தும்

வல்லூறுகள் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பில் சிறு பள்ளம் பறித்தோ, காக்கை விட்டுச்சென்ற பழைய கூட்டிலோ முட்டையிடும்.

இரை வழியாக உடலில் சேரும் நஞ்சு இவற்றைப் பெரிதும் பாதிக்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்ததால், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பொரி வல்லூறு பல இடங்களில் அழிந்துபோனது. நேரடி வேட்டையும் உண்டு. கிழக்கு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குச் செல்லும் அமூர் வல்லூறுகள் வழியில் நாகாலாந்தில் இறங்கும். 2012இல் அங்குள்ள தோயாங் நீர்த்தேக்கத்தருகே அவை பல்லாயிரக்கணக்கில் வலைவைத்துப் பிடிக்கப்பட்டன. கிராமத்தாரே முன்வந்து தடை செய்ததால் அடுத்த ஆண்டில் அந்த வேட்டை நின்றது.

இந்தியாவில் வல்லூறைப் பிடிப்பதும், கூட்டிலிருந்து குஞ்சை எடுத்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அடிபட்ட பறவை கிடைத்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.