உலகத்தை விழுங்கும் ராட்சதன்!

பகாசுரன் கதை நமக்குத் தெரியும். ஒரு வண்டிச் சோறு, வண்டியை இழுத்து வரும் மாடுகள், ஓட்டி வரும் மனிதன் எல்லாம் வேண்டும் அவனுக்கு. "அம்மாடி! எவ்வளவு பெரிய வயிறு!" என்று பாட்டி மடியில் படுத்துக்கொண்டு நாம் வியந்திருக்கிறோம்.

ஆனால் இந்த ராட்சதனுக்கு முன்னால் பகாசுரன் கைக்குழந்தை! வண்டிச் சோறெல்லாம் இவனுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. இவனுடைய ஒரு வேளை ஆகாரம் என்ன தெரியுமா? ஒரு முழு உலகம்!

பயப்பட வேண்டாம். இவன் நிஜத்தில் இல்லை. அமெரிக்கப் படக்கதைகளில் வருகிறான். பெயர் கலாக்டஸ்.

இவன் வாயால் கடித்துத் தின்பதில்லை. தன் இயந்திரத்தை ஒரு கிரகத்தில் நிறுவுவான். அந்தக் கிரகத்தின் சத்தை எல்லாம் உறிஞ்சுவான். ஆலையில் கரும்பைப் பிழிவது போலத்தான். மிஞ்சுவது வெறும் சக்கை!

கட்டியக்காரன் வருகிறான்

கலாக்டஸ் முதன்முதலில் தோன்றியது 1966-ம் ஆண்டு மார்ச் மாத இதழில். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்', அதாவது 'அற்புத நால்வர்' என்ற படக்கதையின் 48-வது இதழ் அது. எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஜாக் கிர்பி.

கிர்பி முதலில் படங்களை வரைந்து விடுவார். லீ பிறகு வசனம் எழுதுவார். இந்தக் கதைக்குக் கிர்பி கொண்டு வந்த படங்களைப் பார்த்து லீ திகைத்தார். வெள்ளி போல் மின்னும் ஒருவன் பலகை மேல் நின்றபடி ஆகாயத்தில் பறக்கிறான்! யார் இவன் என்று கேட்டார். இவ்வளவு பெரியவன் வரும்போது முன்னால் ஒரு கட்டியக்காரன் வர வேண்டாமா என்பதுதான் கிர்பியின் எண்ணம்.

அந்த வெள்ளி மனிதன்தான் சில்வர் சர்ஃபர். எஜமானுக்கு ஏற்ற உலகங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது அவன் வேலை. அவனும் ஒரு காலத்தில் சாதாரண மனிதனாக இருந்தவனே. தன் உலகத்தைத் தின்னாமல் விட்டால் உனக்கு அடிமையாகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன். காதலியையும் பிரிந்து போனவன். இந்த முன்கதை 1968-ல் வெளிவந்தது.

பார்வையற்ற பெண்

வெள்ளி மனிதன் நியூயார்க் நகரில் இறங்கினான். எஜமானுக்குச் சைகை காட்டினான். கலாக்டஸ் வந்து விட்டான்! நால்வரும் போராடினார்கள். பயன் இல்லை.

அடிபட்டு விழுந்த வெள்ளி மனிதன், அலீசியா என்ற பெண்ணின் வீட்டில் போய் விழுந்தான். அவள் ஒரு சிற்பி. அவளுக்குக் கண் தெரியாது. அவன் வெள்ளி உடம்பு அவளுக்குத் தெரியவில்லை. வந்தவன் அன்னியன் என்று விரட்டவில்லை. முதலில் சாப்பிடக் கொடுத்தாள்! பிறகு, இந்த மக்களைக் காப்பாற்று என்று மன்றாடினாள்.

அவன் மனம் மாறியது. எஜமானையே எதிர்த்து நின்றான். அதற்குள் நால்வரில் ஒருவனான ஜானி, கலாக்டஸின் கப்பலிலிருந்து ஓர் ஆயுதத்தைக் கொண்டு வந்தான். அண்டத்தையே அழிக்க வல்ல ஆயுதம்! அதைக் கண்டதும் கலாக்டஸ் பின்வாங்கினான். பூமி பிழைத்தது. வெள்ளி மனிதனுக்கோ தண்டனை: அவன் பூமியை விட்டு இனி வெளியே போக முடியாது.

மாயாவிகளும் தப்பவில்லை

இதே கதைகளில் ஸ்க்ரல் என்றொரு வேற்றுலக இனம் உண்டு. மாரீசன் மானாக மாறினானே, அந்த வித்தை இவர்களுக்குப் பிறவியிலேயே கைவந்தது. யார் உருவத்தையும் எடுப்பார்கள். 1962 ஜனவரி இதழில் நால்வரைப் போலவே வேஷம் போட்டுக் குற்றங்கள் செய்து அவர்கள் பெயரைக் கெடுத்தார்கள். கடைசியில் நால்வரிடம் மாட்டிக்கொண்டார்கள். மூன்று ஸ்க்ரல்களை மாடுகளாக மாறச் செய்து, தாங்கள் மாடுகளே என்று நம்பவும் வைத்துப் புல் மேய விட்டு விட்டார்கள்!

சிரிக்கிறோம். ஆனால் 1983-ல் ஜான் பைர்ன் எழுதி வரைந்த கதையைப் படித்தால் சிரிப்பு வராது. கலாக்டஸ் ஸ்க்ரல்களின் தலைமை உலகத்தையே விழுங்கி விட்டான். ஆயிரம் வேஷம் போடத் தெரிந்தவர்களுக்கு அன்று ஒரு வேஷமும் கை கொடுக்கவில்லை.

யார் குற்றவாளி?

அதற்கு முந்திய ஆண்டுக் கதையில் கலாக்டஸ் சாகக் கிடந்தான். நால்வரின் தலைவர் ரீட் அவனைக் காப்பாற்றினார். சாகக் கிடக்கும் உயிரை விட்டு விடக் கூடாது என்பது அவர் எண்ணம். பிழைத்தவன் போய் ஸ்க்ரல் உலகத்தைத் தின்றான்!

1984 ஜனவரி இதழில் ரீட் மீது விசாரணை நடக்கிறது. அங்கே ஓர் அதிசயம். கலாக்டஸ் வந்து நிற்கிறான். ஒவ்வோர் இனத்தாரின் கண்ணுக்கும் அவன் அவரவர் இனத்தவனாகவே தெரிகிறான்! திரைப்படங்களிலும் அவன் ஒரே உருவில் வரவில்லை. 2007-ல் வந்த படத்தில் மேகக் கூட்டம். 2025-ல் வந்த படத்தில் கவசம் அணிந்த ராட்சதன்.

அண்டம் நிலைத்திருக்க அவனும் தேவை என்று முடிவாகிறது. ரீட் விடுதலை. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஸ்க்ரல் தாய்க்கு அந்தத் தீர்ப்பு ஆறுதல் தருமா? நமக்கு மனம் ஒப்பவில்லை.

நிஜத்திலும் உண்டு!

கிரகத்தை விழுங்குவது கதையில் மட்டும் நடப்பதல்ல. திருவோண நட்சத்திரம் இருக்கும் கழுகு மண்டலத்தில், 2020-ல் ஒரு நட்சத்திரம் திடீரென்று நூறு மடங்குக்கு மேல் பிரகாசித்தது. பத்து நாள் பளிச்சிட்டு மங்கியது. அது ஒரு கிரகத்தை விழுங்கிய காட்சி என்று கிஷாலய் டே தலைமையிலான விஞ்ஞானிகள் 2023-ல் அறிவித்தார்கள். அங்கிருந்து ஒளி இங்கே வந்து சேரவே சுமார் 12,000 ஆண்டு ஆகும்.

நம் சூரியனும் சுமார் 500 கோடி ஆண்டு கழித்து ஊதிப் பெருக்கும். புதனையும் வெள்ளியையும் விழுங்கி விடும். சூரியனுக்குக் காது கிடையாது. மன்றாடினாலும் கேட்காது.

ஆனால் கதையில் வந்த வெள்ளி மனிதனுக்குக் காது இருந்தது. உருவத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் அவனோடு சண்டை போட்டார்கள். பார்வை இல்லாதவள் சோறு போட்டுப் பேசினாள். அவள் பேச்சுத்தான் அவன் மனத்தை மாற்றியது.

கலாக்டஸ் ஒவ்வொருவர் கண்ணுக்கும் அவரவர் இனமாகத் தெரிகிறான் அல்லவா? நாம் பார்த்தால் மனிதனாகத் தெரிகிறான். காட்டை வெட்டி, ஆற்றை வற்றச் செய்து, பூமியைச் சக்கையாக்குவதும் மனிதப் பசிதானே! நல்ல வேளை, அந்தப் பசிக்குக் காது இருக்கிறது. எடுத்துச் சொல்ல அலீசியாக்கள்தான் வேண்டும்.