தருமம் வேறு, உரிமை வேறு

கேரி தீவில் செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை விழுந்து ஒருவர் படுத்துவிட்டால், "நாம் போய்த் தருமக்காசு கேட்பதா?" என்று வீட்டார் கூசுகிறார்கள். இங்கே இருப்பவை இரண்டு வாசல்கள்.

முதல் வாசல் சொக்சோ. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொழிலாளிக்காக மாதந்தோறும் சந்தா கட்டப்படுகிறது. ஆகவே இது தருமமன்று, உரிமை. நீங்கள் ஏழையா என்பது இங்கே கேள்வியில்லை. வேலையால் வந்த விபத்தா என்பதே கேள்வி. வீட்டிலிருந்து வேலைக்கு நேர்வழியில் போகும்போது நேர்ந்ததும் சேரும். மருத்துவர் 4 நாளுக்குக் குறையாமல் விடுப்பு கொடுத்தால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். உயிர் போனால், சார்ந்தோர் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. விபத்தை அன்றே தண்டலிடம் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது வாசல் சமூக நல இலாகா. நம் மாவட்டத்துக்குப் பந்திங்கில் இருக்கிறது. இங்கே வறுமையைத்தான் பார்ப்பார்கள். 60 வயது கடந்து, வருமானமும் ஆதரவும் இல்லாத குடிமக்கள் முதியோர் உதவிக்கு மனுச் செய்யலாம். சிவப்பு அடையாள அட்டை போதாது. நீல அட்டை வேண்டும்.

எந்த வாசலுக்கும் சாவி பத்திரங்களே. 1982 மார்ச் 1 முதல் திருமணப் பதிவு சட்டமாகிவிட்டது. கோவிலில் கட்டிய தாலியை ஊர் அறியும். இலாகா பதிவைத்தான் கேட்கும். பதியாமல் விட்டால், கணவரை இழந்த நாளில் மனைவி என்று காட்டவே அலைய நேரும். இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள்.