பொத்தான் சக்கரங்கள்

போர் முடிந்த மறுவருடம், 2010இல், வன்னியிலிருந்து பிள்ளைகள் இருவருடன் பட்டிப்பொலவில் உள்ள அண்ணன் வீட்டுக்கு வந்தேன். சாரதியாக இருந்த அப்பாவை இழந்த மகன் யாருடனும் பேசமாட்டான். மழை விடாத நாட்களில் மூவருமாக பிஸ்கட் பெட்டி அட்டையில் கார் செய்யத் தொடங்கினோம்.

1959இல் அறிமுகமான மினி காரின் நீளம் ஏறக்குறைய 10 அடி. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று குறைத்தால் 5 அங்குலம். இதுவே 1:24 என்னும் அளவுத்திட்டம். மகள் கணக்குப் பார்த்தாள். மகன் அடிமட்டம் வைத்துக் கோடு கீறினான். பழைய குளிர்ச்சட்டையின் பொத்தான்கள் சக்கரங்களாயின; ஈர்க்கில் அச்சானது.

கதவை ஒட்டும்போது, "அப்பா இந்தப் பக்கந்தான் ஏறுவார்" என்றான் மகன். அதன்பின் கொஞ்சங்கொஞ்சமாக அப்பாவைப் பற்றிக் கதைத்தான். நானும் சொன்னேன்.

சகோதரிகளே, பசைக்கு மட்டுமே செலவு. பேசு, பேசு என்று பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பக்கத்தில் இருங்கள்.