ஆண்களின் மார்பு வீக்கம்: கத்திக்கு முன் தராசு

ஆவணித் திருவிழாவுக்காக மடுவில் குடில் போட்டுத் தங்கியிருந்த தாய் ஒருவர், வேறு ஏதோ பேசத் தொடங்கி, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சுவாமி, மூத்தவன் சேட்டைக் கழற்றாமல்தான் குளிக்கிறான். நெஞ்சு பெட்டையளுக்குப் போல இருக்கெண்டு கூட்டாளிமார் பகிடி பண்ணுகினம். கொழும்பிலை காசு கட்டி ஒப்பரேசன் செய்யலாமாம். சங்கிலியை அடைவு வைக்கட்டோ?"

கரைவலை இழுக்கும் இடத்திலும், வயலிலும், திருக்கேதீச்சரத்தின் வாசலிலும் ஆண்கள் மேலாடையின்றி நிற்பது எமது பகுதியில் வழமை. அங்கெல்லாம் ஒதுங்கி நிற்கும் இளைஞனின் வேதனை சிறியதல்ல. ஆயினும் சங்கிலி அடைவுக்குப் போகுமுன் அறிய வேண்டியவை சில உண்டு.

ஆணின் மார்பு பெருப்பதற்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, முலைக்காம்பின் கீழுள்ள சுரப்பி இழையம் வளர்தல். வைத்தியர்கள் இதைக் கைனகோமாஸ்ரியா என்பர். மற்றையது, வெறும் கொழுப்புச் சேர்தல். மல்லாந்து படுத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரு பக்கமிருந்தும் காம்பை நோக்கிக் கிள்ளிக்கொண்டு வந்தால், சுரப்பியாயின் ரப்பர் வில்லை போன்ற ஒன்று விரலில் தட்டுப்படும். கொழுப்பாயின் காம்புவரை தடையேதும் இராது. பலரிடம் இரண்டும் கலந்தே இருக்கும். முடிவாகச் சொல்ல வேண்டியவர் வைத்தியரே.

உடல் நிறை இங்கேதான் குறுக்கிடுகிறது. கொழுப்பிழையம் சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. அதிலுள்ள அரோமற்றேஸ் என்னும் நொதியம் ஆண் ஓமோனின் ஒரு பகுதியைப் பெண் ஓமோனாகிய ஈஸ்திரஜனாக மாற்றுகிறது. கொழுப்புக் கூடக்கூட ஈஸ்திரஜனும் கூடி, சுரப்பியையும் வளரத் தூண்டுகிறது. ஆகவே பருத்த உடலோடு சத்திரசிகிச்சைக்குச் செல்பவர், வெட்டி எடுப்பதை மீண்டும் வளர்க்கக்கூடிய காரணத்தை உடலிலேயே வைத்துக்கொண்டு செல்கிறார்.

இச்சிகிச்சை புதிதல்ல. 7ஆம் நூற்றாண்டில் ஏஜினாவைச் சேர்ந்த பவுல் என்ற கிரேக்க வைத்தியர் பிறை வடிவில் கீறிச் சுரப்பியை அகற்றும் முறையை எழுதிவைத்தார். இன்று காம்பின் கருவட்ட ஓரத்தில் சிறிதாகக் கீறிச் சுரப்பியை எடுப்பர். கொழுப்பைக் குழாயால் உறிஞ்சுவர். உறிஞ்சிய கொழுப்புக் கலங்கள் திரும்பி வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் எஞ்சிய கலங்கள், நிறை ஏறினால் மீண்டும் பருக்கும். மாறாக, சிகிச்சைக்குப் பின்னர் பெருமளவு மெலிந்தாலோ தோல் தொய்ந்து தொங்கும். அதற்கு இன்னொரு வெட்டும் இன்னொரு தழும்பும் தேவைப்படலாம். அதிக பருமன் உள்ளோருக்கு மயக்க மருந்தின் ஆபத்தும், காயம் ஆறத் தாமதமாவதும் கூடுதல். இதனாலேயே எட்டக்கூடிய நிறைக்கு முதலில் வந்து, சில மாதங்கள் அதிலேயே நிலைத்திருங்கள் என்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் கேட்கின்றனர்.

நிறையைப் பார்க்க எளிய கணக்கு உண்டு. கிலோவிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே நோய் ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது. 1.70 மீற்றர் உயரமானவருக்கு அது ஏறக்குறைய 66 கிலோ.

இதை வைத்து, மார்பு பெருத்தவனெல்லாம் சோம்பேறி என்று தீர்ப்பிடுவதும் தவறு. மெலிந்த பையனுக்கும் சுரப்பி வளரும். பருவ வயதில் இது மிகச் சாதாரணம். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துள் தானே வற்றிவிடும். அவனைப் பட்டினி போடுவதால் பயனில்லை. பட்டினியின் மறுபக்கமும் பதிவாகியுள்ளது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய முகாம்களில் நலிந்த கைதிகள் 1945இல் விடுதலையாகி நல்ல உணவு உண்ணத் தொடங்கியபின், பலருக்கு மார்பு வீங்கியது. உணவின்றி அடங்கிக் கிடந்த ஓமோன்கள், இரண்டாவது பருவ வயது வந்தாற்போல் விழித்துக்கொண்டதே காரணம். பஞ்சத்தை அறிந்த எமது மக்களுக்கு இது விளங்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு பக்கம் மாத்திரம் கல்லுப்போல் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, விதையில் கட்டி என்பன இருந்தால் நிறை குறையட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலை செல்ல வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் அரிதாக வருவதுண்டு. குடியால் ஈரல் கெட்டவர்களுக்கும், ஸ்பைரோனோலக்ரோன் போன்ற மாத்திரை எடுப்போருக்கும், உடற்பயிற்சி நிலையங்களில் தசை வளர்க்க ஊசி போடுவோருக்கும் மார்பு வீங்கலாம். கிளினிக் செல்லும்போது எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இப்பரிசோதனைக்குப் பணம் கேட்பதில்லை.

அந்தத் தாயின் மகனுக்கு வயது 24, உயரம் 1.70 மீற்றர், நிறை 92 கிலோ. கடையொன்றில் நாள் முழுதும் இருந்தபடி வேலை; சோடாவும் சீனி கூடிய தேநீரும் கணக்கில்லை. கிளினிக்கில் பார்த்தபோது கொழுப்பும் சுரப்பியும் கலந்தே இருந்தன. சோடாவை விட்டு, இரவுச் சோற்றைக் குறைத்து, கடைக்குச் சைக்கிளில் போய்வரத் தொடங்கினான். ஏழு மாதத்தில் 9 கிலோ இறங்கியது. மார்பு பாதியளவு தட்டையாகிவிட்டது. காம்பின் கீழே வில்லை மட்டும் இருக்கிறது. அதை எடுக்கத்தான் வேண்டுமா என்பதை நிறை நிலைத்த பின்னர் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். சங்கிலி இன்னும் அடைவுக்குப் போகவில்லை.