பசியைக் கிளப்பும் ஹார்மோனுக்கு மனசில் என்ன வேலை?

மனச்சோர்வு வந்தவர்களில் ஒருவர் இரண்டு வாய்க்குமேல் இறங்காமல் எழுந்துவிடுவார். இன்னொருவர் நள்ளிரவில் ஃபிரிட்ஜைத் திறந்து கிடைத்ததையெல்லாம் தின்பார். மருத்துவக் கையேட்டில் இரண்டும் ஒரே அறிகுறிதான்: பசியில் மாற்றம். மனசு கெட்டதால் பசி கெட்டது என்று விட்டுவிடலாம். ஆனால், வயிற்றிலிருந்தும் மனசுக்குச் சேதி போகிறது.

அப்படிப் போகும் ஒன்று கிரெலின். 1999-இல் ஜப்பானைச் சேர்ந்த கோஜிமாவும் கங்காவாவும் எலியின் இரைப்பையில் கண்டெடுத்த, 28 அமினோ அமிலங்களால் ஆன ஹார்மோன். வயிறு காலியானால் ரத்தத்தில் ஏறும், சாப்பிட்டால் இறங்கும். இதற்கு எதிர்க்கட்சி லெப்டின். கொழுப்புத் திசுவில் சுரந்து, 'கையிருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்வது. 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தது. இவற்றின் சேதியை வாங்கும் ஏற்பிகள் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸில் மட்டுமல்ல, நினைவையும் இன்ப உணர்வையும் கவனிக்கும் பகுதிகளிலும் இருக்கின்றன.

2008-இல் டெக்சாஸின் டாலஸில் ஒரு சோதனை. சுண்டெலியைத் தினமும் சில நிமிடம் ஒரு முரட்டு எலியின் கூண்டில் விடுவார்கள். அது கடித்து விரட்டும். பிறகு நடுவே ஓட்டைகள் உள்ள தடுப்பு. அடி விழாது, ஆனால் எதிரியின் வாடை நாள் முழுக்க வரும். பத்து நாளில் பல எலிகள் வேறு எலியின் அருகே போகவே தயங்கும். இப்படி நொந்த எலிகளில் கிரெலின் கூடியிருந்தது. அதுதான் கெடுதல் செய்ததோ என்றால், கிரெலின் ஏற்பி இல்லாத எலிகள் இன்னும் மோசமாக ஒதுங்கின. ஆக, கிரெலின் எலியைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. பசித்த விலங்கு பயத்தை மீறி இரை தேடப் போயாக வேண்டும். அதற்கான ஏற்பாடாக இது இருக்கலாம். (இதைப் படித்துவிட்டுக் கவலை தீரப் பட்டினி கிடக்க யாரும் கிளம்ப வேண்டாம்.)

லெப்டின் கதை இன்னும் சிக்கல். தொடர் நெருக்கடிக்கு ஆளான எலிகளில் அது குறைந்ததையும், ஊசியாகச் செலுத்தியதும் சோர்வு தணிந்ததையும் 2006-இல் சான் அன்டோனியோவில் பார்த்தார்கள். அப்படியானால் லெப்டின் மிகுந்திருக்கும் பருமனானவர்கள் உற்சாகமாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டே இருந்தால் மூளை அதைச் சட்டை செய்வதில்லை.

மனிதர்களிடம் கிடைத்த தடயம் 2020-இல் வெளியானது. ஓக்லஹோமாவின் டல்சாவில் மனச்சோர்வுள்ளவர்களைப் பசி குறைந்தோர், கூடியோர் என்று பிரித்து ரத்தம் பார்த்தார்கள். குறைந்தோரிடம் நெருக்கடி ஹார்மோனான கார்டிசால் உயர்ந்திருந்தது. கூடியோரிடம் இன்சுலின், லெப்டின், அழற்சிக் குறிகள். எது முன், எது பின் என்று இந்த ரத்தப் பரிசோதனை சொல்லாது. ஆனாலும் இரு சாராருக்கும் ஒரே மாத்திரையை எழுதிக்கொடுப்பது சரிதானா என்று கேட்க இதுவே போதும்.