ஒரே கியர், நாலரை மீட்டர்

நான் வீடு வீடாகப் போய்க் கணக்கு டியூஷன் எடுப்பவள். குடியிருப்பது திருவனந்தபுரம் கோட்டைக்குள்ளே. பிள்ளைகள் மணக்காட்டில் இரண்டு பேர், கரமனையில் ஒருத்தி, ஸ்டேச்சு பக்கம் ஒரு அண்ணன் தங்கை. வெள்ளிக்கிழமை மட்டும் சங்குமுகம். இத்தனை இடத்துக்கும் ஆட்டோ பிடித்தால் நான் சம்பாதிப்பது ஆட்டோக்காரருக்குத்தான். ஸ்கூட்டர் ஓட்டமாட்டேன் என்பது என் பிடிவாதம், காரணம் கேட்காதீர்கள். ஆக, சைக்கிள். ஆறு வருஷத்தில் இது மூன்றாவது.

முதலாவது தம்பி வாங்கித் தந்தது. இருபத்தொரு கியர். பார்க்க ராக்கெட் மாதிரி இருக்கும். கிழக்கேகோட்டையில் இடவப்பாதி மழை பெய்தால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தம்பானூரிலும் இங்கேயும் தண்ணீர் கட்டி நின்றதற்குத்தான் 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயர் வைத்து ஓடைகளைத் தோண்டினார்கள். நிலைமை முன்னைக்கு இப்போது தேவலாம். ஆனாலும் மழை விட்ட பிறகு ரோட்டோரம் சேறும் மணலும் ஒரு பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். அந்த மணல் பின்சக்கரத்தோரம் தொங்குகிற, கியர் மாற்றுகிற டீரெய்லருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதோடு சைக்கிள் ஒருநாள் கம்பிவேலியோரம் சாய்ந்து விழுந்து, அந்த டீரெய்லர் கை சற்றே உள்வாங்கி வளைந்துவிட்டது. மறுநாள் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால், பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, செயின் ஸ்போக்குக்குள் மாட்டிக்கொண்டது. விக்கினம் தீர்க்கிறவர் எதிரிலேயே.

தள்ளிக்கொண்டு போன இடம் சாலைக் கடைத்தெருவுக்குள் ஒரு சந்து. ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த காலத்தில் உண்டான கடைத்தெரு, நம் ஆ. மாதவன் கடை வைத்து உட்கார்ந்தபடியே கதை எழுதிய தெரு. அங்கே ஒரு பெரியவர் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறார். நாகர்கோவில் பக்கத்து ஆள். நான் ஆசான் என்றுதான் கூப்பிடுவேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மக்ளே, இதுல இருபத்தொரு கியர் கெடக்கு. நீ எத்தனை மாத்துவே?”

யோசித்தேன். “ரெண்டு, மிஞ்சினா மூணு ஆசானே.”

“பெறவு மிச்சம் பதினெட்டும் ஆருக்கு?”

இரண்டாவது சைக்கிள் என் சொந்த அறிவாளித்தனம். ஒற்றைக் கியர்தானே வேண்டும் என்று ஒல்லி டயர் வைத்த, மட்கார்டு இல்லாத, இளவட்டங்கள் ஓட்டுகிற மாதிரி ஒன்றை வாங்கினேன். எடை குறைவு, தூக்கிக்கொண்டு படியேறலாம். வாங்கி மூன்றாம் வாரம் ஓடையின் மேல் போட்ட இரண்டு சிலாப்புக்கு நடுவே இருந்த இடைவெளியில் முன்சக்கரம் கச்சிதமாக இறங்கியது. அந்த இடைவெளிக்கு அளவெடுத்துச் செய்த டயர் போல. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

கியர் ஒன்றா இருபத்தொன்றா என்பது இரண்டாவது கேள்விதான் என்று அதற்குப் பிறகே புத்தியில் உறைத்தது. முதல் கேள்வி டயர். நம் தெருவில் ஒரே பர்லாங்குக்குள் தார், இன்டர்லாக் கல், தோண்டி மூடிய மண், ஓடை சிலாப், மேன்ஹோல் மூடி எல்லாம் வரும். ஆற்றுகால் பொங்கால முடிந்த மறுநாள் உடைந்த செங்கல் துண்டும் சேர்ந்துகொள்ளும். இதற்கெல்லாம் இரண்டு அங்குல அகல டயர் போதும். அதில் காற்றும் கல்லு மாதிரி அடிக்க வேண்டியதில்லை. நாற்பது பவுண்டுக்குள் வைத்தால் டயரே பாதி அதிர்ச்சியைக் குடித்துவிடும். முன்னால் ஸ்பிரிங் போர்க் வைத்த சைக்கிளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். மலிவான ஸ்பிரிங் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் அது வெறும் எடை.

டயர் வாங்கும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைக்காரர் “இருபத்தாறு” என்பார். 26×1⅜ என்று எழுதிய டயரும் 26×1.95 என்று எழுதிய டயரும் ஒரே ரிம்மில் ஏறாது. முன்னதன் ரிம் விட்டம் 590 மில்லிமீட்டர், பின்னது 559. இதே வம்பு இருபத்தெட்டிலும் உண்டு: அப்பா காலத்து 28×1½ டயருக்கு 635, இப்போது வருகிற 700சி டயருக்கு 622. டயர் ஓரத்தில் பொடி எழுத்தில் 50-559 என்பது மாதிரி அச்சிட்டிருக்கும். அந்த இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாறமாட்டோம். ட்யூபில் மோட்டார் சைக்கிள் மாதிரி வால்வு இருந்தால் பெட்ரோல் பம்பிலேயே காற்றடிக்கலாம். பழைய வால்டியூப் வகைக்கு அது வாய்க்காது.

மூன்றாவதாக வாங்கியது இப்போது ஓட்டுவது: இருபத்தாறு அங்குலச் சக்கரம், 1.95 டயர், இரும்புச் சட்டம், மேல்கம்பி தாழ்ந்தது, அலாய் ரிம், வி-பிரேக், ஒற்றைக் கியர். அப்பாவின் கறுப்பு சைக்கிளையே சரிபண்ணி ஓட்டலாமே என்று அம்மா சொன்னாள். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் செய்தது. நாற்பது வருஷம் உழைத்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் அதன் கம்பி பிரேக் ரப்பர், குரோம் பூசிய இரும்பு ரிம்மைப் பிடிக்க வேண்டும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடித்தால் சைக்கிள் நம் பேச்சைக் கேட்க நேரமாகும். ஆயுர்வேதக் கல்லூரியிலிருந்து ஓவர்பிரிட்ஜ் இறக்கத்தில், துலாவர்ஷ மழையில், அந்த நேரம் நமக்குக் கிடைக்காது. அலாய் ரிம்மிலும் ஈரம் வழுக்கும், ஆனால் வெகு சீக்கிரம் பிடி கிடைக்கும்.

பிரேக்கே இல்லாத ஒற்றைக் கியர் சைக்கிளும் உலகத்தில் இருக்கிறது. காரியவட்டத்தில் வெலோடிரோம் இருக்கிறதே, அந்த மாதிரிச் சாய்வு வளையத்தில் ஓடுகிறது. அதில் ஃபிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். அதைத் தெருவுக்குக் கொண்டுவருவது ஒரு ஃபேஷன். கிழக்கேகோட்டை சிக்னலில் வேண்டாம்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். ஒற்றைக் கியர் என்றால் யாரோ உங்களுக்காக ஒரு கியரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த ஆள் திருவனந்தபுரத்துக்காரர் இல்லை. சமவெளிக் கணக்கில் போட்டிருப்பார். முன்பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் ஃபிரீவீலில் எத்தனை பல் என்று சாக்பீஸால் ஒரு பல்லில் குறிவைத்து எண்ணிப் பாருங்கள். என்னுடையது 44, 18. வகுத்தால் 2.44. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் அத்தனை சுற்று. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். பெருக்கினால் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டர். அப்பாவின் சைக்கிளில் 48, 18, சக்கரமும் பெரிது, ஆறு மீட்டர் போகும். அந்த மனுஷர் எப்படி மிதித்தாரோ.

ஐந்து மீட்டர் என்பது சங்குமுகம் போகும்போது சுகம். கோயில் ஆறாட்டு ஊர்வலம் மேற்கேகோட்டை வழியாக நேரே விமான ஓடுபாதையைத் தாண்டிப் போகும். நமக்கு அந்தச் சலுகை இல்லாததால் சுற்றிப் போகிறேன், ஆனால் பாதை பெரும்பாலும் சமதளம். ஸ்டேச்சு ஏற்றத்தில்தான் வினை. புளிமூடு தாண்டும்போது முழங்கால் “நான் இறங்கி நடக்கிறேன், நீ வா” என்று சொல்லும். ஆசானிடம் போனேன். பதினெட்டைக் கழற்றி இருபது பல் ஃபிரீவீல் போட்டார். பின்சக்கர அச்சை அரை சென்டிமீட்டர் சொச்சம் முன்னால் தள்ளினார். செயினை வெட்டவோ கூட்டவோ வேண்டியிருக்கவில்லை. கால் மணி நேர வேலை. இப்போது ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர். நிமிஷத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் சொச்சம். ஸ்டேச்சு வரை இறங்காமல் ஏறுகிறேன், பாதி தூரம் எழுந்து நின்றபடி. சங்குமுகம் ரோட்டில் கால் கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது, பரவாயில்லை. இருபத்திரண்டு பல்லும் கேட்டுப் பார்த்தேன். “கடப்புறம் போகும்போ தையல் மிசின் சவுட்டுத மாதிரி இருக்கும் கேட்டியா” என்று சிரித்தார்.

பல்சக்கரத்தை மாற்றி ஏற்றத்தைச் சமாளிப்பது ஒன்றும் புதிதில்லை. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்திலேயே 1937 வரை டீரெய்லருக்கு அனுமதியில்லை. அதற்கு முன்னால் மலை வந்தால் வீரர் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார். மறுபக்கம் வேறு அளவுப் பல்சக்கரம் இருக்கும். புளிமூட்டில் அதைச் செய்துகாட்ட ஆசைதான், டிராஃபிக் போலீஸ் ஒத்துக்கொண்டால்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. செயின் தளர்ச்சி நடுவில் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் இருக்கட்டும். மாதம் ஒருமுறை பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து செயினோடு வைப்பேன்: புதுச் செயினில் இருபத்து நான்கு கண்ணிக்குச் சரியாகப் பன்னிரண்டு அங்குலம். அரைக்கால் அங்குலம் நீண்டுவிட்டால் செயினை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரீவீல் பல்லையும் தின்றுவிடும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள். பக்கத்து வீட்டு மாமி விட்டாள். பிசின் மாதிரி இறுகி, மணலும் சேர்ந்து அரைத்தது. முழங்கால் தண்ணீரில் ஓட்டினால் அந்த வாரமே பாட்டம் பிராக்கெட்டைத் திறந்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். ஆசான் அதை ‘ஓவராயில்’ என்பார்.

மட்கார்டு, கேரியர், முழுச் செயின் கவர் மூன்றும் இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். ஸ்டைல் போய்விடும் என்பார்கள். துப்பட்டா செயினுக்குள் போன ஒருத்தி சொல்கிறேன். கேரியரைப் பற்றி ஒரு வார்த்தை: தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவினார்கள். பிறகு 1966இல் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வந்து ஒரு படம் எடுத்தார்; ராக்கெட்டின் மூக்குக் கூம்பை சைக்கிள் கேரியரில் வைத்து இரண்டு பேர் கொண்டுபோகிறார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரம் மிதித்தால் தும்பா. அது மாதிரிக் கேரியரில் பத்தாம் வகுப்பு கைடு நான்கும் குடையும் தாராளமாக நிற்கும்.

கழற்றிய பதினெட்டுப் பல் ஃபிரீவீலை ஆசான் பழைய பேப்பரில் சுற்றி என்னிடமே தந்தார். “வச்சுக்கிடு மக்ளே, எப்பமாவது கொல்லம் போணும்னு தோணும்.” அது இப்போது டியூஷன் மேஜையில் பேப்பர் வெயிட். விகிதம் நடத்தும்போது கரமனைப் பெண்ணிடம் கொடுத்துப் பல்லை எண்ணச் சொல்வேன். போன வாரம் பதினேழு என்றாள். மறுபடி எண்ணு என்றேன்.